சண்டைக்காரிக்கு ஒரு கவர்னர்

மார்ச் 3, ஞாயிறு

என் ரிமோட் ஹெலிகாப்டர் சண்டைக்காரி விழுந்துவிட்டாள். வால் குழாய் மடங்கிவிட்டது, பிளேடு இரண்டும் போயின, கீழே இருக்கும் சறுக்குக் காலில் ஒன்று எங்கே பறந்ததென்றே தெரியவில்லை. மைதானத்தில் எங்களோடு பறக்கவிடும் தம்பி பேட்டரி புல்லுக்குள் குனிந்து குனிந்து தேடினான். அவன் மின்சார ஹெலிகாப்டர் மட்டும்தான் ஓட்டுவான், அதனால் அந்தப் பெயர். எண்ணெய் எஞ்சின் ஓட்டும் எங்களைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. இன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

இரண்டாவது டேங்க் ஓடிக்கொண்டிருந்தது. உயரத்தில் வட்டம் போட்டுத் திரும்பும்போது எஞ்சின் காய்ந்துபோய் ஓட ஆரம்பித்தது. எண்ணெய் போதாமல் ஓடினால் சத்தம் மெலிந்து கூர்மையாகும். இயர்பிளக் மாட்டியிருந்த எனக்கே ஏதோ சரியில்லை என்று பட்டது. என் வலது தோளுக்குப் பின்னால் வழக்கம்போல அண்ணன் நின்றான். எப்படி ஓடுகிறது என்று கேட்பது போல அவன் பக்கம் தலையைச் சாய்த்தேன். தோளில் ஒரு தட்டு தட்டினான். அடுத்த வளைவில் எஞ்சின் நின்றது.

எங்கள் ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே இதுதான். கை என்னுடையது, காது அவனுடையது. நான் இயர்பிளக் போடாமல் ரிமோட்டைத் தொடக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அவன் போடமாட்டான். 'நானும் அடைச்சுக்கிட்டா எஞ்சின் என்ன சொல்லுதுன்னு யாரு கேக்குறது?' என்பான். ஒரு தட்டு என்றால் நன்றாக இருக்கிறது, பறக்கலாம். இரண்டு தட்டு என்றால் இறக்கு, எண்ணெய் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருத்த வேண்டும். இருபது வருஷமாக அந்தத் தட்டு பொய் சொன்னதில்லை.

பேட்டரிதான் கேட்டான். "என்னண்ணே, அப்படிக் கத்துச்சே, கேக்கலையா?"

அண்ணன் வாயைத் திறந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எஞ்சின் இல்ல தம்பி, என் கைதான். இடது கட்டை விரல் சட்டுனு வெட்டி இழுத்துடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

மார்ச் 6, புதன்

கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்தேன். ஒருவர் வந்து, போன வருஷம் போட்ட கண்ணாடி கெட்டுப்போச்சு, எழுத்தெல்லாம் மங்குது, மாத்திக் குடு என்று சண்டை பிடித்தார். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். "கண்ணு கொஞ்சம் மாறியிருக்கும் சார், செக் பண்ணிடலாம் வாங்க" என்று உட்காரவைத்தேன். ஐந்து நிமிஷத்தில் சமாதானமாகிவிட்டார்.

ஊரார் கண்ணைப் பற்றி என்றால் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் வீட்டில் புது வால் பொருத்தினோம். அடுப்பில் கேத்தில் விசில் அடித்தது. அண்ணன் அடுப்புக்குப் பக்கத்திலேயே குனிந்து, கீழே விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான். விசில் கத்தித் தீர்த்தது. கடைசியில் அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்து நிறுத்தினார்.

"செவிடன் காதுல ஊதின சங்குதான் போங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

எல்லார் வீட்டிலும் சொல்கிற பேச்சு. சொன்ன பிறகு அவர் கை கேத்திலின் மேலேயே நின்றுவிட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அண்ணன் திருகாணி கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்து, "டீ போடுறியா?" என்றான்.

கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்தார். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார். கோவம்னு நெனச்சேன். எம்மேல என்ன கோவம்னு யோசிச்சு யோசிச்சு, வீம்புக்கு நானும் ரெண்டு நாள் பேசாம இருந்தேன். நான் பேசலைங்கறதே அவருக்குத் தெரியல."

"டாக்டர்கிட்ட போலாம்ல அண்ணி?"

"சொன்னா எரிஞ்சு விழுறார். அவ்வளவு தூரத்துல பறக்குற எஞ்சினே கேக்குது, நீ முணுமுணுக்கறதுதான் கேக்கலைங்கறார்."

எஞ்சின்தான் அவனுடைய சாட்சி. அந்தச் சாட்சி போன ஞாயிறு புல்லில் விழுந்து கிடந்ததை அண்ணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நூலகத்தில் வாரம் முழுக்க வாய் திறக்காமல் வேலை பார்க்கிற மனுஷன். ஞாயிறு மைதானத்துக்கு வந்தால்தான் பேச்சு, சிரிப்பு எல்லாம். என் தோளுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓரடி இடம் அவனுடையது. அதைப் பிடுங்க என்னால் முடியாது. பிடுங்காமல் பறக்கவும் முடியாது, அந்த பிளேடு ஒருநாள் புல்லில் விழாமல் யார் மேலாவது விழும்.

மார்ச் 13, புதன்

பேட்டரி போன் செய்தான். "அக்கா, ஒரு கவர்னர் போட்டுடுங்க. அப்புறம் காது வேணாம்."

"யார் காது?"

"யார் காதுன்னு நான் சொல்லலையேக்கா."

பெரிய மனுஷன்தான் பேட்டரி.

கவர்னர் என்பது தீப்பெட்டி அளவு பெட்டி. எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறியில் ஒரு குட்டிக் காந்தத்தை ஒட்ட வேண்டும். எதிரே ஒரு சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் அது எண்ணிக்கொள்ளும். நாம் சொல்லிவைத்த சுற்று குறைந்தால் பெட்டி தானே எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் திறக்கும், கூடினால் மூடும். ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் ஒரே சுருதியில் ஓடும்.

அண்ணனுக்குக் கவர்னர் என்றால் ஆகாது. நொண்டிக்குத்தான் ஊன்றுகோல் என்பான். சரி, அப்படியானால் யாராவது ஒருவர் நொண்டியாக வேண்டும். அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "அண்ணே, கட்டை விரல்ல பிடிமானமே இல்ல. சட்டுசட்டுனு இழுக்குது. கவர்னர் போட்டாத்தான் என்னால பறக்க முடியும்."

சத்தமாகத்தான் சொன்னேன். அவன் பேசாமல் என் இடது கையை எடுத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தான். சின்ன வயதில் முள் எடுக்கும்போது பார்ப்பானே, அதே மாதிரி. "எப்பலேர்ந்து பாப்பா?" என்றான். ஐம்பது வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

"கொஞ்ச நாளா."

"லென்ஸ் தேய்ச்சுத் தேய்ச்சு வந்திருக்கும்" என்றான். கண் கலங்கியிருந்தது. ஊன்றுகோல் பேச்சே வரவில்லை. இன்றைக்கே வாங்கிவிடலாம் என்றான்.

எனக்கு அங்கேயே காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. "கவர்னர் வர்றாராமே, வாசல் பெருக்கி வைக்கட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம் அவர் முகம் சுருங்கியது. அண்ணன் அவருக்குப் போன் போட்டு, தங்கச்சிக்குக் கை சரியில்லை, கனமான பாத்திரம் எதுவும் தூக்கவிடாதீங்க மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் போஜனமும் கிடைத்தது, பாத்திரம் தேய்க்கும் வேலையும் போனது. அவர் தேய்த்துக்கொண்டே, "நெஜமாவே வலிக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவரிடமும் ஆமாம் என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

காந்தம் ஒட்டும் வேலை. சென்சாருக்குக் காந்தத்தின் ஒரு பக்கம்தான் தெரியும், மறுபக்கத்தைக் காட்டினால் குருடு. அதனால் ஒட்டும் முன் சென்சாரிடம் காட்டி, விளக்கு எரிந்த பக்கத்தில் பேனாவால் நான் ஒரு புள்ளி வைத்தேன். விசிறியை அண்ணன் ஸ்பிரிட்டால் துடைத்துப் பசை கலக்கினான். ஒரு பக்கம் மட்டும் கனம் கூடினால் விசிறி உதறும் என்று, நேர் எதிரே அதே எடையில் இன்னொரு காந்தத்தையும் ஒட்டினான்.

"புள்ளி வெளிய பாக்கணும்ணே" என்றேன். "சரி சரி" என்றான்.

பசை காய இரண்டு நாளாவது விடவேண்டும் என்று விசிறியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது எனக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தான். தினமும் இடது கையால் அழுத்த வேண்டுமாம், நரம்புக்கு நல்லதாம்.

மார்ச் 31, ஞாயிறு

எல்லாம் மாட்டியாயிற்று. விசிறியைக் கையால் சுற்றினோம். பெட்டியில் விளக்கு சிமிட்டவில்லை. சென்சாரை நெருக்கினோம். இல்லை. வயரைக் கழற்றி மாட்டினோம். இல்லை. புது மணப்பெண் மாதிரி வாயே திறக்கவில்லை.

கடைசியில் காந்தத்தை உற்றுப் பார்த்தேன். புள்ளியைக் காணோம். பசைக்கு அடியில் இருந்தது.

எங்கள் கடையில் லென்ஸில் புள்ளி வைத்தால் அது வெளியே, ஊரைப் பார்க்க வேண்டிய பக்கம். அவனுடைய நூலகத்தில் சீட்டில் பென்சில் அடையாளம் இருந்தால் அது பசை போக வேண்டிய பக்கம். இரண்டு பேரும் அவரவர் பிழைப்பின்படி சரியாகத்தான் செய்திருக்கிறோம்.

சவரப் பிளேடால் சுரண்டி எடுத்துத் திருப்பி ஒட்டினோம். அண்ணன் சிரித்தான். "எந்தப் பக்கம்னு நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே."

சொன்னேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அவன் சரி சரி என்றும் சொன்னான். இப்படி எத்தனை சரி சரி? அண்ணியிடம், நூலகத்தில், தெருவில்?

"ஆமாண்ணே, சொல்லல" என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

விளக்கு சிமிட்டியது. த்ராட்டில் முழுக்கத் திறந்த நிலை, முழுக்க மூடிய நிலை இரண்டையும் பெட்டிக்குக் காட்டிக்கொடுத்தோம். பற்சக்கரக் கணக்கை அண்ணன்தான் போட்டான், எஞ்சின் எத்தனை சுற்றினால் பிளேடு ஒரு சுற்று என்று. பிளேடின் வேகத்தை முதலில் குறைவாக வைத்து, மேலே கொண்டுபோய், இறக்கி, கூட்டி, மறுபடி மேலே. பொறுமை என்றால் அவன்தான். ஒவ்வொரு தடவையும் என் இடது கையைத்தான் பார்த்தான்.

நன்றாகப் பறந்தாள். ஏற்றினேன், இறக்கினேன், சாய்த்தேன். ஒரே சத்தம். சண்டைக்காரி சண்டையையே விட்டுவிட்டாள்.

பின்னால் அண்ணன் நின்றான். தட்டவில்லை. தட்ட ஒன்றுமில்லை. ஒரு டேங்க் முழுக்க என் தோளில் அந்தக் கை விழவே இல்லை. இதற்காகத்தானே எல்லாம் செய்தேன், பிறகு ஏன் தோள் அந்தக் கைக்குக் காத்துக்கொண்டே இருந்தது?

இறக்கியதும் பேட்டரி வந்து எஞ்சினின் பின்தட்டில் விரலை வைத்து, சுரீரென்று எடுத்துக்கொண்டான். "வெந்துட்டு இருக்குக்கா. கவர்னர் போட்டா சத்தத்த நம்பாதீங்க. உள்ள காய்ஞ்சுக்கிட்டு இருந்தாலும் வெளிய அதே பாட்டுதான் பாடும். ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பாக்கணும். வெரல் தாங்குச்சுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

அண்ணன் பேட்டரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஊசியை இரண்டு பல் அளவு திறந்து எண்ணெயைக் கூட்டினான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்றைக்கு அண்ணன் பின்னால் நிற்கவில்லை. எண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டான். இடைவேளையில் "பந்து அழுத்துறியா?" என்று கேட்டான். பையிலிருந்து எடுத்து அவன் எதிரே அழுத்திக் காட்டினேன். பிறகு இறுகிப்போயிருந்த எண்ணெய் டின் மூடியை, வலது கையில் ரிமோட் இருந்ததால், இடது கையால் ஒரே திருகில் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் உறைத்தது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும்.

இன்றைக்கு அவன் எனக்கு முன்னாலேயே வந்து சண்டைக்காரியைத் தயார் செய்து வைத்திருந்தான். நான் கவர்னர் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு டேங்க் முழுக்கப் பறந்தேன். அண்ணன் பின்னால் இல்லை, ஓரமாக நின்று அண்ணாந்து வாலையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் லேசாக ஏறி இறங்கியது போலத்தான் இருந்தது, இயர்பிளக்கில் அப்படித்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.

இறக்கினேன். பக்கத்தில் வந்தான்.

"கவர்னர் எப்படி வேலை செய்யுது?"

"அருமையா செய்யுதுண்ணே."

சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சின்னக் கறுப்பு வயரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சென்சார் வயர். அது இல்லாவிட்டால் பெட்டி சும்மா கிடக்கும். என் கை எப்படிப் போகிறதோ அப்படித்தான் எஞ்சின் போகும்.

"காலையிலேர்ந்து என் பையிலதான் இருக்கு. சுற்று ஏறி எறங்கினா வால் உதறும். ஒரு தடவைகூட உதறல. நடுங்குற கையா இது?"

வயரோடு சேர்த்து விரல்களை மூடிக்கொண்டேன்.

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லண்ணே."

"அப்ப இது என் காதுக்கு."

தலையை ஆட்டினேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை மாதமாக இப்படிப் பார்க்கிறான்? கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இது தெரியவில்லை.

"எனக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? போன மழைக்காலத்துலயே நின்னுடலாம்னு இருந்தேன். சொல்ல வாய் வரல. குத்துமதிப்பா தட்டிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு விழுந்துச்சு. நீ கைதான் காரணம்னு சொன்ன. நீ சொன்னதும் எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? நிம்மதி. தங்கச்சிக்குக் கை போச்சேங்கற அழுகை அப்புறம்தான் வந்துச்சு. மொதல்ல நிம்மதி வந்துச்சு. அதை நெனச்சு நெனச்சு இத்தனை நாள் எனக்கு என்னையே பிடிக்கல. சரி, இனிமேயாவது இவ கைக்குத் துணையா நிப்போம்னு வந்துக்கிட்டு இருந்தேன். அதுவும் பொய்."

"அண்ணே, நான் வந்து –"

"பந்தைக் குடு."

கொடுத்தேன். பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டான். அண்ணே, அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

மே 5, ஞாயிறு

வரவில்லை.

மே 8, புதன்

அண்ணனுக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை.

மே 12, ஞாயிறு

அண்ணி பேசினார். "கோவத்துலதான் எடுக்கல அண்ணி, புரியுது" என்றேன்.

"கோவமும் இருக்கும். ஆனா நேத்து நீ கூப்பிட்டப்ப போன் அவருக்குப் பக்கத்துலயேதான் இருந்துச்சு. அடிச்சுது. அவர் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு இருந்தார். நான் எடுத்துக் குடுக்கலாம்னு போறதுக்குள்ள நின்னுபோச்சு. எடுத்துக் குடுத்தாலும் என்னத்த பேசுவீங்க?"

கோபமா, கேட்கவில்லையா என்று பிரித்தறிய முடியாத இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டேன். கோபமாக இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொள்கிறேன். இது என்ன வேண்டுதல்?

மே 18, சனி

கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன். அண்ணன் மேஜையில் இருந்தான். எதிரே ஒரு மாணவி ஏதோ புத்தகம் கேட்டாள். "எது?" என்றான். அவள் மெதுவாகச் சொன்னாள், நூலகமாயிற்றே. "சத்தமா சொல்லும்மா" என்று இவன் சொன்ன சத்தத்தில் மேஜை மேஜையாகத் தலைகள் நிமிர்ந்தன. ஜன்னலோரம் இருந்த பெரியவர் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றார்.

நூலகரைப் பார்த்து. இத்தனை வருஷம் ஊரையே 'உஷ்' என்று அடக்கி வைத்தவனைப் பார்த்து.

அவனுக்கு அது கேட்கவில்லை. கேட்காததற்காக முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அலமாரிக்குப் பின்னாலேயே நின்று அழுதுவிட்டு, அவனைப் பார்க்காமலே வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் செய்து, டாக்டரிடம் நாள் வாங்குங்கள், தூக்கிக்கொண்டாவது போவோம் என்றேன்.

மே 27, திங்கள்

தூக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணி சட்டையை எடுத்து நீட்டியதும் மாட்டிக்கொண்டு வந்தானாம். என்னைப் பார்த்து "கடைக்கு லீவா?" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நானும் அண்ணியும் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ரொம்ப நேரம் மடியிலேயே இருந்தது அந்தக் கை.

டாக்டர் கேட்டார். "எந்த ஆலையில வேலை பாத்தார்?"

"நூலகத்துல" என்றார் அண்ணி.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வேற எங்கயாவது பெரிய சத்தம்?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"எஞ்சின் டாக்டர்" என்றேன். "ஞாயித்துக்கெழமை. என்னோடது."

"வயசும் இருக்கும், பரம்பரையும் இருக்கும், சத்தமும் இருக்கும். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. மெஷின் வெச்சா எதிர்ல உக்காந்து பேசறது கேக்கும். போனது போனதுதான். இனிமே போகாம பாத்துக்கணும்."

அண்ணன் எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு டாக்டரிடம் சொன்னான். "பரம்பரைதான் டாக்டர். எங்கப்பாவுக்கும் இப்படித்தான், என் வயசுலயே காது அவுட்டு."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

எங்கள் அப்பாவுக்குப் பாம்புச் செவி. கடைசி நாள் வரைக்கும் அடுத்த அறையில் முணுமுணுத்தாலும் என்னவென்று கேட்பார். அண்ணன் என்னைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

தனியாக மைதானத்துக்குப் போனேன். சண்டைக்காரியை வெளியில் எடுக்கக்கூட மனம் வரவில்லை. பேட்டரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் அவன் பங்கு டீயில் பாதியைக் கொடுத்தான்.

இனி காது வேண்டுமென்றால் அது என் காதாகத்தான் இருக்க வேண்டும். கற்றுக்கொள்கிறேன். அவனுக்கு நான் சொல்கிறேன், எப்படி ஓடுகிறது என்று. இருபது வருஷம் அவன் சொன்னானே.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் வந்தான்.

நான் கூப்பிடவில்லை. காலையில் கிளம்பலாம் என்று கார் கதவைத் திறந்தால், வாசலில் எண்ணெய் டின்னோடு நிற்கிறான். காதில் புது மெஷின். "சட்டையில பட்டன் போடுற சத்தம்கூடக் கேக்குது, தொல்லை" என்றான். மைதானத்துக்குள் நுழையும்போது இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டான். எஞ்சின் பக்கத்தில் அது கூவுமாம்.

கீழே உட்கார்ந்து சென்சார் வயரை மாட்டினான். காந்தத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் விசிட்டிங் கார்டை நுழைத்து இடைவெளி பார்த்தான். விசிறியைச் சுற்றினான். விளக்கு சிமிட்டியது. ஏப்ரலில் நடந்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எஞ்சின் பிடித்தது. நான் நினைத்திருந்தபடி இரண்டு இயர்பிளக்கையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் சண்டைக்காரியை முழுதாகக் கேட்கிறேன். அம்மா, என்ன சத்தம் அது. பல் கூசியது, கண்ணில் தண்ணீர் வந்தது. இதற்குள்தான் அவன் நின்றிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும், வெறும் காதோடு.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். எழுந்து வந்து என் உள்ளங்கையைப் பிரித்து இயர்பிளக்கை எடுத்தான். இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி மெலிதாக்கி, என் காதில் வைத்து, அது உப்பி அடைத்துக்கொள்ளும் வரை விரலால் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மறு காது. சத்தம் தூரமாகப் போனது.

"யாரும் கேக்க வேணாம்" என்றான். எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை, இயர்பிளக்கையும் தாண்டி வந்தது. "அதுக்குத்தானே கவர்னர்."

மைதானமே திரும்பிப் பார்த்தது. நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டேன்.

அவன் என் வலது தோளுக்குப் பின்னால் போய் நின்றான். ஒரு டேங்க் பறந்தேன். எனக்குக் கொஞ்சம் கேட்டது, அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. தட்டு எதுவும் விழவில்லை.

இறக்கியதும் அவன் போய்க் குனிந்து எஞ்சினின் பின்தட்டில் விரலை வைத்தான். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தான். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்து, தோளில் ஒரு தட்டு தட்டினான்.

டேங்கை நிரப்பிக்கொண்டு மறுபடியும் ஏற்றினேன்.